காரின் பிரேக் ஆயிலை எப்போது மாற்றுவது? மற்ற ஆயில்களுக்கும் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு அதில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் வந்தாயிற்று. ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது கால் பஞ்சு மூட்டைக்குள் புதைவதுபோல உள்ளே போனது. வண்டி வேகம் குறையவே இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் எதுவுமே நடக்காததுபோலக் கெட்டியாக இருந்தது.

மறுநாள் நாமக்கல்லில் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: "பிரேக் ஆயில் எப்பங்க கடைசியா மாத்துனீங்க?"

மாற்றியதே இல்லை. வண்டிக்கு ஐந்து வயது, ஓடியது 22,000 கிலோமீட்டர்தான். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு எதை மாற்றுவது என்று இருந்துவிட்டேன். பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு இரண்டாம் பட்சம், நாள் கணக்குதான் முக்கியம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டிகள், ஊரில் ஷெட்டில் நிறுத்திவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களின் வண்டிகள், இவைதான் இந்த விஷயத்தில் அதிக ஆபத்தில் இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரேக் ஆயிலுக்குள் என்ன நடக்கிறது

பெயர்தான் ஆயில். நம் கார்களில் இருப்பது எண்ணெயே அல்ல, கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த ஒரு ரசாயனத் திரவம். நீங்கள் பெடலை மிதிக்கும்போது அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கடத்துவது அதன் வேலை. திரவம் சுருங்காது, அதனால் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே போய்ச் சேர்கிறது. காற்றோ ஆவியோ சுருங்கும். குழாய்க்குள் குமிழி உண்டாகிவிட்டால் உங்கள் கால்பலம் முழுவதும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பிரேக் பேடுக்கு எதுவும் வந்து சேராது.

குமிழி எங்கிருந்து வருகிறது? இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்த உப்பு டப்பா மழைக்காலத்தில் நீர்த்துப்போவதுபோலத்தான். பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டேங்க் மூடியின் நுண்துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும்கூட ஈரம் உள்ளே போகிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நடக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஈரம் சேரச் சேரத் திரவத்தின் கொதிநிலை இறங்குகிறது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. நூறில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் அறுபத்தைந்து முதல் எண்பது டிகிரி வரை தின்றுவிடுகிறது.

மலை இறக்கத்தில் எவ்வளவு சூடு பிறக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோக அது போதும். இன்ஜினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரைச் சரியாகப் பயன்படுத்தாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் டிஸ்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். அன்று எனக்கு நடந்ததும் அதுதான். சூடு, பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பர் வழியாகத் திரவத்துக்குப் போய், அதிலிருந்த ஈரம் ஆவியாகி, பெடல் உள்ளே போனது. சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது, பெடலும் திரும்பிவிட்டது. இதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது பழைய பிரேக் ஆயில் எந்த அறிகுறியும் காட்டாமல் ஏமாற்றுகிறது.

ஈரம் செய்யும் இன்னொரு வேலை மெதுவானது: உள்ளிருந்தே துரு. மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர் பிஸ்டன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டின் நுண்ணிய வால்வுகள் எல்லாம் பாதிக்கப்படும். ஏபிஎஸ் யூனிட்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பிரேக் ஆயில் மாற்றும் செலவு ஒன்றுமே இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

இரண்டு வருடம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடம். பெரும்பாலான கம்பெனிகளின் மேனுவலும் இதையேதான் சொல்லும், சிலவற்றில் மூன்று வருடம் என்று இருக்கும். கூடவே 40,000 கிலோமீட்டர் போன்ற ஒரு எண்ணும் இருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. அடிக்கடி ஏற்காடு, வால்பாறை, ஊட்டி என்று மலை ஏறுபவராக இருந்தால் மூன்று வருடச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலோரத்தில் வசித்துக்கொண்டு மலைக்கும் போகிறவர் ஒன்றரை வருடத்தில் மாற்றினாலும் அது வீண்செலவு ஆகாது.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதியது தேன் நிறத்தில் இருக்கும், பழையது காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருக்கும் என்பது உண்மைதான். கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் வெளுப்பாக இருப்பதனாலேயே நல்லது என்று சொல்ல முடியாது, தண்ணீருக்கு நிறம் இல்லையே. பேனா வடிவத்தில் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. டேங்கில் முக்கினால் விளக்கு எரிந்து காட்டும். அது டேங்கில் இருப்பதை மட்டும் காட்டுமே தவிர, கேலிப்பருக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருப்பதைக் காட்டாது. சிவப்பு எரிந்தால் நம்புங்கள். பச்சை எரிந்தால் தேதியையும் பாருங்கள்.

அளவு குறைவதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் பேட் தேயத் தேய டேங்கில் அளவு மெல்ல இறங்கும், அது இயல்பு. உடனே ஊற்றி நிரப்பிவிட்டால், புதிய பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டுத் திரவம் பொங்கி வழியும், பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். அளவு இறங்கியிருந்தால் முதலில் பேடைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

எதை வாங்குவது

டேங்க் மூடியின் மேலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் டாட் 4. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 3 வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், டாட் 4 வண்டிக்கு டாட் 3 கூடாது. டாட் 5 என்பது சிலிக்கான் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், மற்றவற்றோடு அது கலக்காது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு.

அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குங்கள். சீல் உடையாமல் இருக்க வேண்டும். போன முறை மீதி வைத்த பாட்டில் அலமாரியில் இருக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள், திறந்த பாட்டிலும் ஈரத்தை இழுத்திருக்கும்.

'ஆயில்' என்ற சொல்லால் நம் ஊரில் நடக்கும் ஒரு பெரிய தவறு உண்டு. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ பிரேக் டேங்கில் ஊற்றிவிடுவது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். அப்படி ஊற்றிவிட்டால் பெடலை மிதிக்காமல், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டி வரும்.

மாற்றும் முறை

இதை நீங்களே செய்யலாம், இரண்டு பேர் வேண்டும். ஆனால் இதற்கு முன் சக்கரமே கழற்றியதில்லை என்றால் முதல் தடவை தெரிந்த மெக்கானிக்கோடு பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக்கில் பாதி தெரிந்து செய்வது கூடாது.

தேவையானவை: ஜாக்கி, குறைந்தது இரண்டு ஸ்டாண்டு, நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் திரவத்தை வெளியே விடும் துளையுள்ள சின்ன போல்ட்) பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மி.மீ.), மீன்தொட்டிக்குப் போடும் மாதிரியான ஒளி ஊடுருவும் டியூப், ஒரு காலி பாட்டில், புதிய சிரிஞ்சு, பழைய துணி, ஒரு வாளி தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

1. சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் இறக்கி உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள்.

2. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டுத் திறங்கள். உள்ளே இருக்கும் பழைய திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். அடியில் ஒட்ட உறிஞ்ச வேண்டாம், துளை திறந்துகொண்டால் காற்று போய்விடும். புதியதை மேல் கோடு வரை ஊற்றுங்கள். இப்படிச் செய்தால் கறுப்புத் திரவம் குழாய் முழுவதும் சுற்றி வராது.

3. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் வண்டிகளில் டிரைவர் வலது பக்கம் என்பதால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வரும். சில மாடல்களில் குழாய் குறுக்காகப் பிரிந்திருக்கும், அவற்றின் மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதுவே சரி.

4. நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, பிறகு டியூபைச் சொருகுங்கள். டியூபின் மறுமுனை பாட்டிலில், கொஞ்சம் புதிய திரவத்துக்குள் மூழ்கி இருக்கட்டும். நிப்பிள் அசையவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருங்கள். உடைந்துவிட்டால் கேலிப்பரையே மாற்ற வேண்டி வரலாம்.

5. இன்ஜின் ஆஃபில் இருக்க, உள்ளே இருப்பவர் மூன்று நான்கு முறை மெதுவாக மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். "புடிச்சாச்சு" என்று குரல் வந்ததும் நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். பெடல் இறங்கும், பழையது டியூபில் பாயும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை ஒருமுறை மாறினாலும் காற்றை உள்ளே இழுத்துவிடும். ஆகவே இருவரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பாட்டு ஓட வேண்டாம்.

6. பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, பெடல் தரைவரை போகாமல் தடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாக பிஸ்டன் போகாத பகுதியில் துரு படிந்திருக்கும், அங்கே உரசினால் சீல் கிழியும்.

7. ஐந்தாறு மிதிப்புக்கு ஒருமுறை டேங்கைப் பாருங்கள். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: டேங்க் காலியாகி, காற்று இறங்கிவிடும். ஏபிஎஸ் வண்டியில் அந்தக் காற்று யூனிட்டுக்குள் மாட்டினால் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். டேங்க் காலியாகாதவரை ஏபிஎஸ் வண்டிக்கும் பொதுவாக இதே முறை போதும்.

8. டியூபில் தெளிந்த புதிய திரவம் குமிழி இல்லாமல் வந்ததும் நிப்பிளை அளவாக இறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தொப்பியைப் போடுங்கள். பின் சக்கரங்களுக்குக் கூடுதலாகவும் முன் சக்கரங்களுக்குக் குறைவாகவும் செலவாகும்.

9. நான்கும் முடிந்ததும் டேங்கை மேல் கோட்டுக்குச் சரிசெய்து மூடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் ஒழுகல் அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. பஞ்சுபோல இருந்தால் காற்று மிச்சம் இருக்கிறது, திரும்ப நான்கையும் செய்யுங்கள். கெட்டியாக இருந்தால் வீட்டு வாசலிலோ காலி மைதானத்திலோ பத்து கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கிளட்சுக்கும் இதே திரவம்தான், பலவற்றில் டேங்கும் ஒன்றுதான். பிரேக்கை மாற்றும் அன்றே கிளட்ச் நிப்பிளிலும் எடுத்துவிடுங்கள்.

எங்கள் அப்பா லாரி ஓட்டியவர். "ஏறுன கியர்லயே எறங்குடா" என்பார். புதிய பிரேக் ஆயில் ஊற்றியிருந்தாலும் அந்தப் பேச்சை மீறக்கூடாது. கல்லட்டியின் 36 வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் இரண்டாம் கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்க்காதீர்கள், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள்.

இன்ஜின் ஆயில்

இதைப் பெரும்பாலானோர் மறப்பதில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். வருடத்தை விட்டுவிடாதீர்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச்சூட்டுக்கு வருவதே இல்லை. எரிந்த வாயுவிலிருந்து வரும் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். நெரிசலில் மணிக்கணக்கில் நின்று ஓடும் வண்டிக்கு மீட்டர் காட்டுவதைவிட இன்ஜின் உழைத்தது அதிகம். இந்த இரண்டு ரகத்துக்கும் மேனுவலின் 'கடினமான பயன்பாடு' பகுதியில் பாதி இடைவெளி போட்டிருப்பார்கள். அது நம்மில் பாதிப் பேருக்குப் பொருந்தும்.

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மேனுவல் சொல்லும் கிரேடையே (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஊற்றுங்கள். வெயில் அதிகம் என்று கெட்டியான ஆயிலைத் தேட வேண்டியதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைத்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அதற்கேற்ற, சாம்பல் குறைவாக விடும் ஆயிலை ஊற்றாவிட்டால் அந்த வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அந்த வண்டிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படக்கூடாது. வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும்போது டீசல் கீழிறங்கி ஆயிலில் கலக்கிறது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் மாற்றுங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் சில நாளிலேயே கறுப்பது மட்டும் கோளாறு அல்ல, கரியை அது சுமந்து திரிகிறது என்று பொருள்.

வீட்டில் மாற்றுவதானால்: ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள், டிரெயின் போல்ட்டைத் திறந்து சொட்டு நிற்கும் வரை வடியவிடுங்கள், போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, பழைய வளையம் இன்ஜினில் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, கையால் இறுக்குங்கள். மேனுவல் சொல்லும் அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, சில நிமிடம் பொறுத்து டிப் ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றுவதும் கெடுதலே.

கூலண்ட்

நம் ஊரில் பனி உறைவதில்லை, எதற்குக் கூலண்ட், தண்ணீர் போதாதா என்று இன்னும் கேட்கிறார்கள். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை ஏறுகிறது. அதைவிடப் பெரிய பயன், அதில் உள்ள துருத்தடுப்பு மருந்து அலுமினிய ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் காக்கிறது. கிளைக்கால் சீக்கிரம் கெடுவதில்லை, அந்த மருந்துதான் நாளாக நாளாகத் தீர்ந்துபோகிறது. மாற்றச் சொல்வது அதற்காகத்தான்.

பழைய பச்சை வகைக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர். நீண்டகால வகைக்கு ஐந்து வருடம் வரை. கம்பெனியில் ஊற்றி வரும் முதல் நிரப்பு சில புதிய வண்டிகளில் 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் வரைகூடத் தாங்கும், இரண்டாவது நிரப்புக்கு அந்த ஆயுள் கிடைக்காது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொதுவான விதி கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்குச் சாயம் போடுகிறது. நிறம் பார்த்துக் கலக்காமல், டப்பாவின் பின்னால் இருக்கும் வகையைப் பாருங்கள். சேராத இரண்டு கலந்தால் மருந்து செயலிழக்கும், கூழாகத் திரண்டுவிடவும் கூடும்.

போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். நம் மாவட்டங்களில் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் தண்ணீர் ரேடியேட்டரின் நுண்குழாயில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மலிவாகவே கிடைக்கிறது. கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் கூலண்டில் அதையும் சேர்க்கக்கூடாது.

மாற்றும் முறையில் முதல் விதி, இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஆறியதும் அடிக்குழாயைத் திறந்து வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றும் வரை ஓட்டுங்கள். ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும் வரை இப்படிச் செய்து, பிறகு கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் ரிசர்வ் டேங்கில் அளவு இறங்கும், காற்று வெளியேறியதால்தான். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் ஒழுகல் தேடுங்கள்.

வடித்த கூலண்ட் இனிப்பாக இருக்கும், கடும் விஷம். தெருநாயும் பூனையும் நக்கிவிட்டுச் சாகும். வாசலில் கிண்ணத்தோடு விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

கியர் ஆயிலும் கிரவுன் ஆயிலும்

மேனுவல் கியர் பாக்ஸுக்கு 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மானம், கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். இன்னோவா (ஹைகிராஸ் தவிர), பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரிப் பின்சக்கர இழுவை வண்டிகளில் பின் அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன் பல்சக்கரங்களுக்குக் கிரவுன் ஆயில் தனியாக உண்டு, அதற்கு வழக்கமாகக் கேட்பது ஜிஎல்-5. இதைப் பல சர்வீஸ் பில்களில் நான் பார்த்ததே இல்லை, கேட்டால்தான் மாற்றுவார்கள்.

வேலையில் ஒரு சூட்சுமம்: வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்தபின் மேல்போல்ட் இறுகிப்போயிருந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்யும் ஜெர்மன் நிறுவனமான இசட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்கிறவரே சொல்லும்போது விற்கிறவர் பேச்சு எதற்கு? கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் இயங்கும் சிவிடி பெட்டிக்கு அதற்கென்ற சிவிடி திரவம்தான், 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள். மேனுவல் கியரைக் கருவியே மாற்றும் ஏஎம்டி வண்டிகளில் சிலவற்றில் கியர் ஆயிலோடு கியர் மாற்றும் கருவிக்கும் தனியாக ஹைட்ராலிக் திரவம் இருக்கும், அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் பெட்டியில் அளவு பார்ப்பதற்கே குறிப்பிட்ட வெப்பநிலை வேண்டும். இந்த ஒரு வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு எந்தக் கணக்கும் செல்லாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கியது மாதிரி அச்சு உயரத்துக்குமேல் தண்ணீர் நின்றிருந்தால், மூச்சுத் துளை வழியாகக் கியர் பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் தண்ணீர் போயிருக்கும். ஆயில் பால் கலந்த காப்பிபோல ஆகியிருக்கும். ஸ்டார்ட் செய்யாமல் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பிரேக் ஆயிலையும் சேர்த்து.

மற்றவை

பவர் ஸ்டீயரிங் ஆயில் ஹைட்ராலிக் வகை வண்டிகளுக்கு மட்டும். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்றால் அந்த டேங்கே இருக்காது. 60,000 கிலோமீட்டரில், அல்லது கறுத்துக் கருகல் வாடை வந்தால் மாற்றுங்கள். ஸ்டீயரிங் திருப்பும்போது முனகல் கேட்டால் முதலில் அளவைப் பாருங்கள்.

ஏசி கேஸ் வருடாவருடம் போட வேண்டிய பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றுவது, குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றச் சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். டீசல் வண்டியில், புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் ஊற்றும் வகை இருந்தால் அதன் மூடி நீலமாக இருக்கும், டீசல் டேங்கில் அது ஒரு மடக்குக்கூடப் போகக்கூடாது. கண்ணாடி கழுவும் டேங்கில் துணி சோப்புத்தூள் வேண்டாம், நுனித்துளை அடைக்கும்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு: முந்தைய பில் கையில் இல்லை என்றால் எதுவுமே மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பணம் புரளாவிட்டால் பிரேக் ஆயில் முதலில், இன்ஜின் ஆயில் அடுத்து, பிறகு கூலண்ட், கடைசியாகக் கியர் ஆயில்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பவர்கள் பில்லைப் படியுங்கள். 'பிரேக் ஆயில் டாப் அப்' என்றால் மேலே கொஞ்சம் ஊற்றினார்கள் என்று அர்த்தம். மாற்றியிருந்தால் அரை லிட்டருக்குக் குறையாமல் பில்லில் வரும், நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஏர் (குழாய்க்குள் இருக்கும் காற்று) எடுத்த கூலியும் இருக்கும். முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். சீல் உடைக்கும் பாட்டிலை உங்கள் முன் உடைக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

மாற்றிய தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் வண்டியில் இப்போது நான்கு வரி இருக்கிறது. பிரேக் ஆயிலுக்கு நேரே தேதி மட்டும், மற்ற மூன்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும்.

வடித்தவற்றைச் சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றாதீர்கள். பழைய இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் ஒரு கேனில், பிரேக் ஆயில் தனியாக, கூலண்ட் தனியாக. கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்கள் வாங்க மாட்டார்கள். கேன் மேல் பெயர் எழுதி, பழைய ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். குடிநீர் பாட்டிலில் மட்டும் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். பிரேக் ஆயில் வெளுத்த டீபோலவே இருக்கும், வீட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிடக்கூடும்.